எப்போதாவது செய்யும் வீட்டு மரவேலைக்கு எந்த மைட்டர் சா, எந்த ஸ்டாண்ட்?

ஞாயிறு_தச்சன்

வணக்கம். வீட்டு வேலைக்கு ஒரு மைட்டர் சா (மரத்தை நேராவும் கோணத்திலும் குறுக்கே வெட்டற மெஷின் ரம்பம்) வாங்கணும். தொழிலுக்கு இல்லை, வருஷத்துக்கு நாலஞ்சு வேலைதான் வரும். இப்போதைக்குப் பட்டியல் இது: ஜன்னலுக்கு எட்டு கொசுவலைச் சட்டம் (2க்கு 1 இன்ச் தேக்கு ரீப்பர், மூலை 45 டிகிரியில் சேரணும்), மொட்டைமாடிக்கு ஒரு பெஞ்ச் (கால் 3க்கு 3 வேம்பு), கொஞ்சம் படச்சட்டம், ஒரு புத்தக அலமாரி.

கடையில 10 இன்ச் சாதா, 8½ இன்ச் ஸ்லைடிங், 12 இன்ச் ஸ்லைடிங்னு மூணு காட்டுறாங்க. ஸ்லைடிங்னா பிளேடு இருக்கற தலை தண்டு மேல முன்னும் பின்னும் நகருமாம். கூடவே மடக்கு ஸ்டாண்டும் வாங்கச் சொல்றாங்க. வைக்க இடம் மாடிப்படிக்கு அடியில், வேலை மொட்டைமாடியில். எதை எடுக்கலாம்? ஸ்டாண்ட் கட்டாயமா?

மூலைமட்டம்

பிளேடு அளவை விட்டுட்டு, வெட்டப்போற மரத்தோட அளவிலிருந்து தொடங்குங்க. மூணு எண் தெரிஞ்சாப் போதும்: எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், 45ல் வெட்டும்போது எவ்வளவு அகலம்.

கொசுவலைச் சட்டம் 50 மிமீ அகலம், 25 மிமீ தடிப்பு. இதை எந்த மெஷினும் 45ல் தாராளமா வெட்டும். பெஞ்ச் கால் 75 மிமீ உயரம், நாலு பக்கமும் இழைச்ச பிறகு 70, 72 நிக்கும். அலமாரிப் பலகை 10 இன்ச்சோ 12 இன்ச்சோ, அதாவது 250லிருந்து 300 மிமீ.

10 இன்ச் சாதாவுக்கு மகிட்டா எல்எஸ்1040 ஒரு நல்ல உதாரணம். 1650 வாட், 11 கிலோ. நேர் வெட்டில் 130 மிமீ சொச்சம் அகலம் போகும், 45ல் 90 சொச்சம். 3க்கு 3 காலை ஒரே இறக்கில் வெட்டிடும். 12 இன்ச் பலகையை நடுவில வெச்சுப் பார்த்தா பாதி கூட வெட்டாது.

8½ ஸ்லைடிங்குக்கு போஷ் ஜிசிஎம் 8 எஸ்ஜேஎல் எடுத்துக்குங்க. 216 மிமீ பிளேடு, 17 கிலோ சொச்சம். அகலம் 312 மிமீ வரை வரும். ஆனா உயரம் 70 மிமீதான். உங்க பெஞ்ச் கால் அங்கேதான் சிக்கும். ஒரு பக்கம் வெட்டி, மரத்தைத் திருப்பி மறுபக்கம் வெட்டணும், நடுவில ஒரு படி விழும்.

ஆக ஒண்ணு அலமாரிக்கு உதவாது, இன்னொண்ணு பெஞ்ச் காலுக்கு முழுசா உதவாது. அலமாரி எதில செய்யப்போறீங்க, கட்டை மரப் பலகையிலா, 18 மிமீ ப்ளைவுட்டிலா? முடிவு அதில்தான் இருக்கு.

ஞாயிறு_தச்சன்

ப்ளைவுட்தான். 8க்கு 4 ஷீட் ஒண்ணு, ஒரு பக்கம் தேக்கு வெனீர் ஒட்டினது.

மூலைமட்டம்

அப்போ அலமாரியை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துடுங்க. 8க்கு 4 ஷீட்டை எந்த மைட்டர் சாவும் உடைக்காது, 12 இன்ச் ஸ்லைடிங் உட்பட. முதல்ல நீளவாக்கில் 300 மிமீ பட்டையா கிழிக்கணும், அது சர்க்குலர் சா (கையில பிடிச்சு மரத்து மேல தள்ளற வட்ட ரம்பம்) வேலை. 7 இன்ச் சர்க்குலர் சாவும், நேரான ஒரு அலுமினியப் பட்டை அல்லது ஷீட்டோட கம்பெனி விளிம்பை வெச்சுச் செஞ்ச கைடும் இருந்தா, அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டறதும் அதே கைடில் முடிஞ்சிடும். இல்லேன்னா ப்ளைவுட் கடையிலேயே பேனல் சாவில அளவு கொடுத்து வெட்டி வாங்கிடுங்க.

மீதி இருக்கறது சட்டம், பெஞ்ச், படச்சட்டம். மூணுக்கும் 10 இன்ச் சாதாவே போதும்.

ரீப்பர்_கட்டு

இதில எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இன்னிக்கு ப்ளைவுட்னு சொல்றவர் நாளைக்கு 8 இன்ச் பலகையில படிக்கட்டு மிதி செய்வார், வேங்கைப் பலகையில ஊஞ்சல் போடுவார். 130 மிமீ அகலம்னா 5 இன்ச் பலகையோட கதை முடிஞ்சது. ஸ்லைடிங் வாங்கினா பத்து வருஷத்துக்கு மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. 75 மிமீ காலைத் திருப்பி வெட்டறது வருஷத்தில ஒரு தடவை, எட்டு வெட்டு. அதுக்காக 312 மிமீ அகலத்தை விட்டுக் கொடுக்கணுமா?

மூலைமட்டம்

நியாயமான கேள்வி. கட்டை மரத்தில 6 இன்ச்சுக்கு மேல அடிக்கடி வெட்டறவருக்கு ஸ்லைடிங்தான் சரி, அதில சந்தேகமே இல்லை. இவர் விஷயத்தில எதிரா நிக்கறது ரெண்டு.

முதலாவது இடம். ஸ்லைடிங் தண்டு பின்னால நீள்ற மாடலுக்குச் சுவரிலிருந்து ஒரு அடிக்கு மேல காலி இடம் விடணும். கைப்பிடியை முன்னால இழுத்த நிலையையும் சேர்த்தா மூணு அடி ஆழம் ஆயிடும். மாடிப்படிக்கு அடியில வைக்கலாம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் 17 கிலோவை மாடிக்குத் தூக்கணும்.

ரெண்டாவது ஆட்டம். சாதா மெஷின்ல ஒரே ஒரு கீல்தான் இருக்கு. ஸ்லைடிங்ல கீலோட தண்டும் பேரிங்கும் சேருது. விலை குறைஞ்ச ஸ்லைடிங்ல தண்டை முழுசா இழுத்துட்டுத் தலையைப் பக்கவாட்டில தள்ளிப் பாருங்க, பிளேடு முனை ஒரு மிமீ வரைக்கும் நகரும். சட்ட வேலைக்கு அந்த ஒரு மிமீ அதிகம். ஸ்லைடிங் எடுத்தா நல்லதை எடுக்கணும், நல்லதுக்கு விலை ஏறும். அந்த விலை வித்தியாசத்தில ஒரு சர்க்குலர் சாவே வாங்கலாம்னா, வருஷத்துக்கு நாலு வேலை செய்யறவருக்கு இந்த ரெண்டும் சேர்ந்தது அதிகம் உதவும்.

12 இன்ச் பற்றிப் பேச அதிகமில்லை. கனம், பிளேடு விலை, மெல்லிசு பிளேடு போட்டா துடிப்பு. 4க்கு 4 நிலைச்சட்டம் தினமும் வெட்டற பட்டறைக்கு அது.

வெல்டிங்_செல்வம்

ஒரு சந்தேகம். பக்கத்துல இரும்பு அறுக்கற 14 இன்ச் கட்-ஆஃப் மெஷின் சும்மா கிடக்கு. அதில மரம் வெட்டற பிளேடு மாட்டி இந்த ரீப்பரை வெட்டினா என்ன? துளை 25.4 மிமீ பொருந்துது, மெஷின் 3800 சுத்து, பிளேடு அதுக்கு மேல தாங்கும்னு எழுதியிருக்கு.

மூலைமட்டம்

வேண்டாம் அண்ணே. சுத்து எண்ணிக்கை பொருந்தறது போதாது. கட்-ஆஃப் மெஷினோட மூடி, கல் டிஸ்க் உடைஞ்சா சிதறாம இருக்கறதுக்குச் செஞ்சது. தலை மேலே வந்ததும் பல்லைத் தானா மூடற கீழ்க்காப்பு, மைட்டர் சாவில இருக்கற மாதிரி முழுசா இருக்காது. கல் டிஸ்க் தேய்ச்சு வெட்டும். மர பிளேடோட கார்பைடு (கடின உலோக) பல்லு கடிச்சு வெட்டும். அந்த மெஷினோட வைஸ் இரும்பைப் பிடிக்கறதுக்கு, அதுவும் பிளேடுக்கு ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பலகை வைக்க மேஜையே இல்லை. பல்லு கடிக்கும்போது துண்டு எழும்பிச் சுழலும்.

இதையே திருப்பியும் சொல்லணும்: மைட்டர் சாவில இரும்பு வெட்டற கல் டிஸ்க் போடக் கூடாது. தீப்பொறி நேரே மரத்தூள் பைக்குள்ள போகும். பிளாஸ்டிக் காப்பும் உருகும்.

4 இன்ச் மார்பிள் கட்டர்லயும் கிரைண்டர்லயும் மர பிளேடு போடறது ஊரெல்லாம் பழக்கத்தில இருக்கு. மார்பிள் கட்டர் 12,000, 13,000 சுத்து ஓடும், பல மர பிளேடு அவ்வளவுக்குச் செஞ்சதில்லை. கிரைண்டர்ல மர பிளேடுங்கறதுக்கு எந்த நிலைமையிலும் சரின்னு சொல்ல முடியாது. பிடியும் இல்லை, அடித்தட்டும் இல்லை. பிளேடு மரத்தில சிக்கினா மெஷின் நம்ம கை, கழுத்துப் பக்கம்தான் திரும்பும்.

பனங்கொட்டை

டொரன்டோவில இருந்து வாற சொந்தக்காரரிட்ட சொல்லி மைட்டர் சா எடுப்பிக்கலாம் எண்டு கன பேர் கேக்கினம். அங்க மலிவுதான். ஆனா அது 120 வோல்ட் மெஷின். யாழ்ப்பாணத்திலயோ சென்னையிலயோ 230 வோல்ட்டில செருகினா மோட்டர் அந்த இடத்திலயே எரியும். 15 ஆம்பியர் இழுக்கிற வாளுக்கு 1800 வாட் கணக்கு. ஸ்டார்ட் ஆகேக்க இன்னும் கூட இழுக்கும். அதால ட்ரான்ஸ்ஃபோமர் 3 கேவிஏ அளவில வேணும். மெஷினை விட அது கனம்.

அதோட அங்கத்தைய 10 இன்ச் பிளேட்டின்ர துளை 15.88 மிமீ. எங்கட பக்கம் கடையில கிடைக்கிறது 25.4, சிலதுக்கு 30. பெரிய துளைக்கு ரிங் போட்டுச் சின்னத் தண்டில பாவிக்கலாம், அந்த ரிங் பிளேட்டோட வந்ததா, இறுக்கமா இருக்க வேணும். சின்னத் துளையைக் கடைஞ்சு பெருசாக்கிறது மட்டும் செய்யாதேங்கோ. நடுப்புள்ளி கொஞ்சம் தவறினாலே பிளேட் துள்ளும்.

ஞாயிறு_தச்சன்

நன்றி. கரண்ட் பற்றிப் பேச்சு வந்ததால கேட்கிறேன். மொட்டைமாடியில 6 ஆம்ப் பாயிண்ட் ஒண்ணுதான் இருக்கு. போதுமா?

ஃபியூஸ்வயர்

போதாது. 1650 வாட்டை 230ஆல வகுத்தா 7.2 ஆம்ப். ஓடும்போதே 6 ஆம்ப் சாக்கெட்டைத் தாண்டுது. சுவிட்ச் அழுத்தற நொடியில அதுக்கும் பல மடங்கு இழுக்கும். சாஃப்ட் ஸ்டார்ட் (மெதுவா வேகம் ஏத்தற வசதி) இல்லாத மெஷின்னா பி வகை எம்சிபி (போர்டுல தானா விழற பிரேக்கர்) அந்த நொடியில விழறது உண்டு, சி வகை தாங்கும். வாஷிங் மெஷினுக்கோ ஏசிக்கோ போட்ட 16 ஆம்ப் பாயிண்ட்ல இருந்து எடுங்க.

எக்ஸ்டென்ஷன் வயர் 15 மீட்டர் வரைக்கும் 1.5 சதுர மிமீ மூணு கோர் செம்பு. 30 மீட்டர் போகணும்னா 2.5. கடையில் பெட்டியோட விற்கற மெல்லிசு வயர் 0.75தான் இருக்கும், அது டேபிள் ஃபேனுக்கு. சுருள்ல வர்றதுன்னா முழுசையும் பிரிச்சுப் போட்டுட்டு ஓட்டுங்க, சுருட்டினபடி ஓட்டினா உள்ளே சூடு ஏறி உறை உருகும். மாடி ஈரமா இருக்கற இடம், அதனால அந்த லைன் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற சுவிட்ச்) வழியா வருதான்னு பாருங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்ட நினைக்க வேண்டாம்.

மூலைமட்டம்

இப்போ ஸ்டாண்ட். ஸ்டாண்டோட வேலை மெஷினைத் தூக்கி நிறுத்தறது மட்டும் இல்லை. 7 அடி ரீப்பரோட ரெண்டு முனையையும் மெஷின் மேஜை மட்டத்திலயே தாங்கறதுதான் முக்கிய வேலை. மெஷின் மேஜை அரை மீட்டர்தான் அகலம். மீதி ரீப்பர் தொங்கினா வெட்டுக் கோட்டில மரம் எழும்பும். வெட்டு முடியற நேரத்தில தொங்கற கனம் கீழே இழுத்துப் பிளேட்டைக் கவ்வும். 90 டிகிரி சரியா வெச்ச மெஷின்ல வெட்டு சரிவா வர்றதுக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

கடை ஸ்டாண்ட் மூணு விதம். நாலு கால் மடக்கு ஸ்டாண்ட் லேசு, 15 கிலோ வரும், படியில தூக்கலாம். அதில பார்க்க வேண்டியது நீட்டுக் கை. கடைசிவரை இழுத்து விட்டு முனையைக் கையால அழுத்துங்க. 5 மிமீ இறங்கினா அதில தாங்கி வெச்ச மரமும் 5 மிமீ இறங்கும். மேலே ரோலர் இருந்தா மரம் தானா நகர வாய்ப்பு உண்டு, தட்டையான தாங்கியே சட்ட வேலைக்கு நல்லது. சக்கரம் வெச்சு மெஷினோடயே சாய்ச்சு மடக்கற ஸ்டாண்ட் அருமையான பொருள், ஆனா சமதரையில தள்ளிக்கிட்டுப் போறவருக்கு. படியேற அது தடை. மூணாவது, கால் மெல்லிசு பட்டைத் தகட்டில செஞ்ச விலை குறைஞ்சது. மெஷின் ஸ்டார்ட் ஆகற உதறலிலேயே அது நடுங்கும். பணம் கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

எந்தக் கடை ஸ்டாண்ட்னாலும் மெஷினைப் பிடிக்கற கட்டையோட துளை உங்க மெஷின் கால் துளைக்கு வருதான்னு மெஷினை மேல வெச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

கோவை_கொட்டாப்புளி

படிக்கடியில வெச்சு எடுக்கறவருக்கு நாலாவது வழி ஒண்ணு இருக்குதுங்க. அலமாரிக்கு வாங்கற மாதிரி இன்னொரு அரை ஷீட் 18 மிமீ ப்ளைவுட், ரெண்டு குதிரை (பலகையைத் தாங்கற கால் சட்டம்). ஆட்டம் இல்லாம நிக்கும், செலவும் குறைவுங்க.

அடிப்பலகை 1800க்கு 400 மிமீ. எட்டு, ஒன்பது கிலோ வரும். நடுவில் 600 மெஷினுக்கு, ரெண்டு பக்கமும் 600 நீளத்துக்குச் சிறகுப் பெட்டி. பெட்டி மேல்பலகை 600க்கு 150. அதோட உயரம்தான் கணக்குங்க. மெஷினைச் சமதரையில வெச்சு, தரையிலிருந்து மேஜை மேல்மட்டம் வரை அளங்க. 88 மிமீன்னு வெச்சுக்குவோம். மேல்பலகை 18 போக, பக்கப் பலகை 70. மெஷினுக்கு மெஷின் இது மாறும், படிச்ச எண்ணை எடுக்காதீங்க, அளந்ததை எடுங்க.

70ன்னு அச்சா வெட்டறது கஷ்டம்ங்க. அதனால அரை மிமீ, ஒரு மிமீ உசரமாவே வெட்டிட்டு, மெஷின் காலுக்கு அடியில சன்மைக்கா துண்டு வெச்சு மெஷினை ஏத்தி மட்டம் பண்ணுங்க. சன்மைக்கா ஒரு மிமீ, விசிட்டிங் கார்டு அதில மூணில ஒண்ணு. பெட்டியை இழைச்சு இறக்கறதை விட இது சுலபம். 4 அடி அலுமினிய பாக்ஸ் குழாயை மேஜை மேலயும் ரெண்டு சிறகு மேலயும் குறுக்கே வெச்சு அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. சிறகு மேஜையை விட முடி அளவு இறங்கி இருந்தாப் பரவாயில்லை, ஏறி இருக்கக் கூடாது. ஏறியிருந்தா மரம் மேஜையில படியாது.

மெஷினை ஸ்க்ரூ போட்டு இறுக்காதீங்க, உதறல்ல கழலும். எம்8 போல்ட் 50 மிமீ நீளம் நாலு, அடியில பெரிய வாஷர், நைலான் வெச்ச நட்டு. மெஷின் கால் துளை சின்னதா இருந்தா எம்6.

குதிரைக்கு 25க்கு 25 மிமீ சதுரக் குழாய், 1.6 மிமீ தடிப்பு. வெல்டிங் பட்டறையில உசரம் 760ன்னு கொடுங்க. 760, 18, 88 சேர்த்தா 866 மிமீ. நின்னு வெட்டறதுக்கு இடுப்பு உசரம் பெரும்பாலானவங்களுக்கு அதுதான் வரும். நீங்க ரொம்ப உசரம்னா 50 கூட்டிக்கங்க. கால் விரிஞ்சு போகாம கீழே ஒரு சங்கிலி, குழாய் முனைக்கு ரப்பர் புஷ். குதிரை மேல ரெண்டு ஜி கிளாம்ப் போட்டு அடிப்பலகையைப் பிடிச்சிடுங்க. வேலை முடிஞ்சா மெஷினை நாலு போல்ட் கழட்டித் தனியா எடுக்கலாம், பலகை சுவரில சாஞ்சு நிக்கும்.

ரீப்பர்_கட்டு

இதோட ஒண்ணு சேர்க்கறேன். சிறகுல ஃபென்ஸ் (மரத்தை ஒட்டி வைக்கற பின்தடுப்பு) வைக்கறதா இருந்தா மெஷின் ஃபென்ஸை விட 2 மிமீ பின்னால தள்ளி வைங்க. ஒரே நேர்கோட்டில வைக்கப் பார்த்தா எங்கயாவது கொஞ்சம் முன்னால வந்து மரத்தைத் தள்ளும். அந்தச் சிறகு ஃபென்ஸோட வேலை ஸ்டாப் கட்டையை (ஒரே நீளம் வர மரத்தோட முனை இடிச்சு நிக்கற கட்டை) பிடிக்கறது மட்டும்தான்.

எட்டு சட்டம்னா 32 துண்டு, 64 முனை. ஒவ்வொண்ணையும் டேப்பால அளந்து வெட்டினா எதிரெதிர்த் துண்டு ஒண்ணுக்கொண்ணு ஒரு மிமீ மாறும், கோணம் அச்சா இருந்தும் மூலை திறக்கும். ஸ்டாப் கட்டை வெச்சு ஜோடி ஜோடியா வெட்டுங்க. ஸ்டாப் கட்டையோட அடி விளிம்பைச் சின்னதாச் செதுக்கி விடுங்க, இல்லேன்னா தூள் அங்க சேர்ந்து நீளம் மெல்ல மெல்லக் குறையும்.

தேக்கு_வாசம்

பிளேடு பற்றி யாரும் எழுதவில்லை. கூட வரும் பிளேடு பெரும்பாலும் பல் குறைவானது. பெஞ்ச் கால் வெட்ட அது போதும். சட்டத்துக்கு 255 மிமீயில் 60 பல் வாங்குங்கள். 80 பல் எம்டிஎஃப்புக்கும் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மெல்லிய பீடிங்குக்கும் நன்றாக இருக்கும், ஆனால் 3க்கு 3 வேம்பில் போட்டால் மெதுவாகப் போய் மரம் கருகும்.

பல் எண்ணிக்கையை விட முக்கியமானது பல்லின் சாய்வு, ஹூக் என்பார்கள். டேபிள் சா பிளேடில் அது 15, 20 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதை மைட்டர் சாவில் போட்டால் பிளேடு மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஸ்லைடிங் மெஷினில் தலை உங்களை நோக்கி ஏறி வரவும் கூடும். உறையில் 5 டிகிரியோ அதற்குக் கீழோ, மைனஸ் 5 வரை, போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அலுமினியச் சட்டமும் வெட்டுவீர்கள் என்றால் மைனஸ் சாய்வோடு, மூலை சீவிய பல்லும் தட்டைப் பல்லும் மாறி மாறி வரும் வகை தனியாக வேண்டும், ஒரே பிளேடில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, மெஷின் சுற்றை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். அதை விட அதிகமாக நடப்பது பல்லின் பக்கவாட்டில் பிசின் படிந்து மழுங்கியது போல் தோன்றுவது. பிளேடைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷால் தேய்த்துத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், கார்பைடு ஒட்டியிருக்கும் இடத்தை அது அரிக்கும்.

பழைய வீட்டு நிலை, உத்தரம் வாங்கி வெட்டுபவர்கள் முதலில் காந்தம் ஓட்டிப் பாருங்கள். உள்ளே உடைந்து நிற்கும் ஒரு ஆணி போதும், நாலைந்து பல் பறந்துவிடும்.

ஞாயிறு_தச்சன்

10 இன்ச் சாதா, 60 பல் பிளேடு, ப்ளைவுட் மேடை, இப்படித்தான் முடிவு. கடையில மெஷினை எடுக்கும்போது என்ன சோதிக்கணும்? வீட்டுக்கு வந்ததும் 45 சரியா இருக்கும்னு நம்பலாமா?

மூலைமட்டம்

நம்பாதீங்க. பெட்டியில இருந்து வர்றப்பவே சரியா இருக்கறது அதிர்ஷ்டம்.

கடைக்குப் போகும்போது ஒரு மூலைமட்டமும் ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துட்டுப் போங்க. ஃபென்ஸோட ரெண்டு பாதிக்கும் குறுக்கே ஸ்கேலை நிறுத்துங்க, ரெண்டும் ஒரே கோட்டில இருக்கணும். இது வார்ப்பு, வளைஞ்சிருந்தா வீட்டில நிமிர்த்த முடியாது, வேற பீஸ் கேளுங்க. தலையைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில அசைச்சுப் பாருங்க. தலையைத் திருப்பி 45 டிகிரிக்குன்னு மேஜையில போட்ட பள்ளத்தில வந்து உட்காரும்போது டக்குனு நிக்கணும், பூட்டினதுக்கு அப்புறம் ஆடக் கூடாது. கீழ்க்காப்பு தானா மூடணும். சுவிட்சை விட்டதும் பிளேடு சில நொடியில நிக்குதா, பத்து நொடிக்கு மேல சுத்துதான்னு பாருங்க, பிரேக் இருக்கற மாடல் கிடைச்சா அதை எடுங்க. கார்பன் பிரஷ் (மோட்டருக்குள்ள தேயற கரித் துண்டு) உங்க ஊர்ல கிடைக்குமான்னும் கேட்டுடுங்க. லேசர் கோடு வெயில்ல தெரியாது, அதுக்காகக் கூடுதல் பணம் வேண்டாம்.

வீட்டில முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு, மூலைமட்டத்தைப் பிளேடு உடம்பில (பல்லுல படாம) வெச்சு மேஜைக்குச் செங்குத்தா இருக்கான்னு பாருங்க. அப்புறம் நேர் வெட்டு. 100, 120 மிமீ அகலமுள்ள நேரான பலகையை நடுவில வெட்டுங்க. ஒரு துண்டைத் தலைகீழாப் புரட்டி, ரெண்டு துண்டையும் ஒரே நேர் விளிம்புல ஒட்டி வெச்சு வெட்டின முகத்தைச் சேருங்க. இடைவெளி தெரிஞ்சா அது உங்க பிழையோட ரெட்டிப்பு. 120 மிமீ அகலத்துக்கு 0.4 மிமீ இடைவெளின்னா பிழை ஏறத்தாழ 0.1 டிகிரி. ஃபென்ஸ் போல்ட்டை ஆலன் கீயால தளர்த்தி, அதுக்கு மேல தெரியறதைத் திருத்துங்க. மூலைமட்டமே தப்பா இருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

45ல் பிழை எப்படிப் பெருகுதுன்னு கணக்கு இது. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொண்ணும் கால் டிகிரி ஒரே பக்கமாத் தப்பினா மொத்தம் 2 டிகிரி. மூணு மூலையை இறுக்கி ஒட்டினா அது முழுக்க நாலாவது மூலையில வந்து நிக்கும். உங்க 50 மிமீ ரீப்பர்ல வெட்டுக்கோடு 71 மிமீ, அதில 2 டிகிரின்னா இரண்டரை மிமீ வாய் திறக்கும். ஒரு நூலுக்கு (1/8 இன்ச்) கொஞ்சம்தான் குறைவு.

ரீப்பர்_கட்டு

அந்தப் பிழையைக் குறைக்க வெட்டற விதத்திலயே ஒரு வழி இருக்கு. ஃபென்ஸ் கொஞ்சம் திரும்பியிருந்தா இடது 45 பள்ளம் 45¼ வெட்டும், வலது பள்ளம் 44¾ வெட்டும். ஒரு மூலைக்கு ஒரு துண்டை இடதுலயும் இன்னொண்ணை வலதுலயும் வெட்டினா கூட்டுத்தொகை 90தான், வாய் திறக்காது. வெட்டுக்கோட்டு நீளத்தில மட்டும் அரை மிமீ சொச்சம் மாறும், மூலையில சின்ன படி விழும், இழைப்புளியால ஒரு தடவை ஓட்டினாப் போச்சு. ஒரே பள்ளத்தில மரத்தைப் புரட்டிப் புரட்டி வெட்டினா வேகம் அதிகம், ஆனா பிழை ரெட்டிப்பாகும். அப்படி வெட்டறதா இருந்தா முதல்ல அச்சா 45 பிடிச்சிருக்கணும்.

தேக்கு_வாசம்

பிளேடு அடியில் ஃபென்ஸை நோக்கிச் சுழல்வதால் நார் பிய்வது மரத்தின் அடியிலும் பின் விளிம்பிலும்தான். நல்ல முகத்தை மேலே வையுங்கள். மேஜை மேல் 6 மிமீ எம்டிஎஃப் துண்டு ஒன்றை டபுள் டேப்பால் ஒட்டி, ஃபென்ஸில் 12 மிமீ ப்ளைவுட் பட்டை வைத்து ஒரு முறை வெட்டிவிட்டால் பிளேடு தடிப்புக்கே பள்ளம் விழும், பிய்வது பெருமளவு நின்றுவிடும். சர்க்குலர் சாவில் பிளேடு கீழிருந்து மேலே வெட்டும், அங்கே உங்கள் தேக்கு வெனீர் முகம் கீழே இருக்க வேண்டும்.

வளைந்த ரீப்பர் என்றால் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், தொடும் இடம் வெட்டுக்கோட்டில் வர வேண்டும். குழிந்த பக்கம் ஃபென்ஸில் இருந்தால் வெட்டு முடியும்போது இரண்டு துண்டும் உள்வாங்கிப் பிளேடைக் கவ்வும்.

தூசியை லேசாக எடுக்காதீர்கள். மரத்தூளை உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வைத்திருக்கிறது. கூட வரும் பை பிடிப்பது கொஞ்சம்தான், வேக்குவம் குழாயை மாட்டினால் அதிகம் பிடிக்கும். மாடியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மெஷின் பின்னால் தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். என்95 முகக்கவசம், கண்ணாடி, காதுக்கு மஃப் மூன்றும் வேண்டும். கையுறை வேண்டாம், பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

ஞாயிறு_தச்சன்

கடைசியா ஒண்ணு. கொசுவலையை அழுத்திப் பிடிக்க 10 மிமீ பீடிங் வைக்கணும், சில துண்டு 2 இன்ச் நீளம்தான். விரல் கிட்டப் போகுமே?

கோவை_கொட்டாப்புளி

கையால பிடிக்கவே கூடாதுங்க. பிளேடுக்கு ரெண்டு பக்கமும் 150 மிமீக்குள்ள விரல் வரக் கூடாதுன்னு மேஜையில மார்க்கர்ல கோடு போட்டு வெச்சுக்குங்க.

எப்பவும் நீளப் பீடிங்ல இருந்து வெட்டுங்க, கையில பிடிக்கறது நீளத் துண்டாத்தான் இருக்கணும். ஒரு அடிக்குக் கீழ வந்துட்டா மீதியைத் தள்ளி வெச்சுட்டு அடுத்த பீடிங் எடுங்க. ஸ்டாப் கட்டையை நீளத் துண்டு பக்கம் மட்டும் வைங்க. விழற சின்னத் துண்டு பக்கம் ஸ்டாப் வெச்சா, வெட்டின நொடியில துண்டு பிளேடுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில மாட்டிப் பறக்கும். நிறையச் சின்னத் துண்டு ஒரே அளவு வேணும்னு அந்தப் பக்கமே ஸ்டாப் வைக்க வேண்டி வந்தா, ஸ்டாப்பை ஒட்டி ஒரு தக்கை வெச்சு பீடிங்கைத் தொடவிட்டு, கிளாம்ப் இறுக்கி, தக்கையை எடுத்துட்டு வெட்டுங்க.

சுவிட்சைப் போட்டு முழு வேகம் வந்ததும் மெதுவா இறக்குங்க. வெட்டினதும் தலையைக் கீழேயே வெச்சு சுவிட்சை விடுங்க, பிளேடு முழுசா நின்னதும் தூக்குங்க. ஓடற பிளேடைத் தூக்கறப்பதான் சின்னத் துண்டு பல்லுல தொத்திக்கிட்டு மேல வருமுங்க. 2 இன்ச்சுக்கும் கீழ வேணும்னா மெஷினை விட்டுட்டு, கை ரம்பமும் மரத்துல செஞ்ச 45 பெட்டியும் எடுத்துக்கங்க, பத்துத் துண்டு அஞ்சு நிமிஷத்தில ஆயிடும்.